வாசலில் கழற்றி வைக்கும் தமிழ்

‘என் பெயர் சீக்கோ. நான் ஜப்பான் நாட்டில் உள்ள ஒரு புகழ்பெற்ற தொழிற்சாலையில் பிறந்தேன். என்னுடன் ஆயிரக்கணக்கான நண்பர்களும் பிறந்தனர்.’

பத்து காவானில் ஓர் அடுக்குமாடி வீட்டின் ஐந்தாவது மாடி. சனிக்கிழமை காலை. ஐந்து பிள்ளைகளுக்குத் தமிழும் கணிதமும் சொல்லித் தருகிறேன். வெவ்வேறு பள்ளிகளில் படிக்கிறவர்கள். ‘நான் ஒரு கைக்கடிகாரம்’ எழுதிக்கொண்டிருந்தவள் ஐந்தாம் ஆண்டு மாணவி, அந்த வீட்டுப் பெண். அவளுடைய அம்மா இரவு ஷிப்ட் முடித்து கம்பெனிச் சட்டையோடு ஏழரைக்கு வந்து பக்கத்து அறையில் படுத்திருந்தார். அதனால் நாங்கள் கிசுகிசுத்துத்தான் பேசுவோம். சன்னலைத் திறந்தால் எதிரே தெரிவது முழுக்கத் தொழிற்சாலைகள்.

“தொழிற்சாலைல பொறந்தேன்னு எழுதியிருக்கியே, உள்ள எப்படி இருந்துச்சு அதுக்கு?”

“தெரியாதுண்ணா. மாதிரிக் கட்டுரைல அது இல்ல.”

“அம்மாகிட்ட கேட்டு எழுதலாம்ல?”

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “அம்மாவோடது நெசத் தொழிற்சாலைண்ணா. இது கட்டுரைல வர்ற தொழிற்சாலை.”

அன்றிலிருந்து இந்தப் பதில் என்னை விடவில்லை. கல்வி உளவியலில் நூறு வருடங்களுக்கு மேலாக ஒரு சிக்கலைப் பிடித்துக்கொண்டு உருள்கிறார்கள். ஓரிடத்தில் கற்றது ஏன் இன்னோரிடத்தில் கைகொடுப்பதில்லை? தமிழ்நாட்டு பி.எட். புத்தகங்களில் இதற்குப் ‘பயிற்சி மாற்றம்’, ‘கற்றல் மாற்றம்’ என்று பெயர். அந்தச் சிக்கலைப் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு அழிரப்பரைத் தேடப் போய்விட்டாள்.

மலேசியாவில் மிக அதிகமாக வாசிக்கப்பட்ட தமிழ் உரைநடை எது? நாவல் இல்லை, ஞாயிறு பதிப்புச் சிறுகதையும் இல்லை. மாதிரிக் கட்டுரைதான். ஐந்நூற்றுச் சொச்சம் தமிழ்ப்பள்ளிகளில் படித்து வந்த ஒவ்வொருவரும் அதை வாசித்திருக்கிறோம், மனப்பாடம் செய்திருக்கிறோம், பார்க்காமல் எழுதியிருக்கிறோம். வேறு எந்த எழுத்தாளருக்கும் இப்படி ஒரு வாசகர் கூட்டம் வாய்த்ததில்லை. ஆனால் எனக்குத் தெரிந்து யாரும் அதை ஓர் இலக்கிய வகையாக எடுத்து விமர்சித்ததில்லை. பயிற்சி நூல்தானே என்று ஒதுக்கிவிடுகிறோம். எனக்கென்னவோ நம்முடைய சிறுகதைகளின் தொடக்க வாக்கியங்களிலும், பேஸ்புக் இரங்கல் பதிவுகளிலும், மேடைப் பேச்சிலும் அதுதான் இன்னும் மூச்சுவிடுகிறது என்று தோன்றுகிறது.

இந்த வகையின் இலக்கணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். காலை என்றால் கதிரவன் தன் கதிர்களைப் பரப்பியாக வேண்டும். ஓடினால் தலைதெறிக்க. அழுதால் கண்ணீர் மல்க. செய்தி பரவினால் அது காட்டுத் தீ. நட்பு என்று வந்துவிட்டால் நகமும் சதையும். பத்திக்கு ஒரு மொழியணி என்பது எழுதப்படாத சட்டம். எங்கள் பாடத்திட்டத்தில் ‘செய்யுளும் மொழியணியும்’ என்றே ஒரு பகுதி உண்டு. ஆத்திசூடியில் தொடங்கி கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி, திருக்குறள். கூடவே இணைமொழி, இரட்டைக்கிளவி, உவமைத்தொடர், மரபுத்தொடர், பழமொழி. சின்ன வயதில் இவ்வளவு செல்வத்தைக் கையில் கொடுக்கிற பாடத்திட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். தமிழகத்து நண்பர்களிடம் இந்தப் பட்டியலைக் காட்டினால் அசந்துபோகிறார்கள். கேள்வி, அந்தச் செல்வம் எந்தக் கடையில் செல்லுபடியாகிறது என்பதுதான்.

தன்கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பேனா, குடை, மிதிவண்டி, காலணி, நாற்காலி என்று எதுவானாலும் கதை ஒன்றுதான். எங்கோ தூரதேசத்தில் பிறப்பேன். பெட்டியில் அடைத்துக் கப்பலில் ஏற்றுவார்கள். இங்கே இறக்கி என்மேல் ஒரு விலையை ஒட்டுவார்கள். ஒரு முதலாளி வந்து வாங்கிப் போவார். அவருக்கு நான் இரவு பகலாக உழைப்பேன். ஒருநாள் பழுதாவேன். வெளியே வீசப்படுவேன். கடைசிப் பத்தியில் குப்பைத்தொட்டி ஓரமாகக் கிடந்து, யாரையும் நொந்துகொள்ளாமல், பழைய எஜமானரை நன்றியோடு நினைப்பேன்.

இது யாருடைய கதை? கப்பலில் வந்தவர், விலை ஒட்டப்பட்டவர், துரைக்கு உழைத்தவர், தோட்டம் விற்கப்பட்டபோது வெளியே வந்தவர். எந்தத் தமிழ்ப்பள்ளி வகுப்பறையிலும் முப்பது பிள்ளைகளில் இருபது பேருக்காவது இது கொள்ளுப்பாட்டனுடைய தன்கதை. பத்து காவானே அதற்குச் சாட்சி. ஆறுகள் சூழ்ந்து தீவு மாதிரி கிடந்த இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பு, பிறகு ரப்பர், பிறகு செம்பனை. இப்போது இரண்டாம் பாலம் (2014), ஐக்கியா (2019), அரைக்கடத்தி ஆலைகள், மருத்துவக் கருவி ஆலைகள். தோட்டம் போய்விட்டது. ஆனால் இங்குள்ள தமிழ்ப்பள்ளியின் பெயர் இன்னும் ‘பத்து காவான் தோட்டத் தமிழ்ப்பள்ளி’. பெயர்ப்பலகையில் மிச்சமிருக்கிற ஒரு சொல்தான் மொத்தத் தோட்டமும்.

அப்படியிருக்க, தலைமுறை தலைமுறையாகக் குடையின் கதையையும் நாற்காலியின் கதையையும் எழுதிய நம்மில் எத்தனை பேருக்கு இது தாத்தா கதை மாதிரி இருக்கிறதே என்று பொறி தட்டியது? எனக்குத் தட்டவில்லை. 2008-இல் யூ.பி.எஸ்.ஆர். எழுதியவன் நான். ‘நான் ஒரு காலணி’யை முப்பது தடவையாவது எழுதியிருப்பேன். என் தாத்தா செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். லயத்தைக் காலி செய்த நாளைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே வீட்டுப்பாடமாகக் காலணியைக் குப்பையில் போட்டிருக்கிறேன். இரண்டு கதைகளும் ஒரே மேசையில்தான் இருந்தன.

இதில் என்னுடைய மந்தபுத்தி மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்தது. 1980-இல் மேரி கிக், கீத் ஹோலியோக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். வயிற்றில் ஒரு கட்டி. கதிர்வீச்சைப் பலமாகப் பாய்ச்சினால் கட்டி அழியும், வழியில் உள்ள நல்ல சதையும் அழியும். மெதுவாகப் பாய்ச்சினால் சதை பிழைக்கும், கட்டியும் பிழைக்கும். என்ன செய்வது? பத்தில் ஒருவர்தான் விடை கண்டுபிடித்தார். பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களை ஒரே புள்ளியில் சேர்க்க வேண்டும் என்பதுதான் விடை. பிறகு வேறு சிலருக்கு முதலில் ஒரு கதை கொடுத்தார்கள். கோட்டையைப் பிடிக்கப் போகும் தளபதி. பாதைகளில் கண்ணிவெடி. பெரிய படை போனால் வெடிக்கும், சின்னப் படை போனால் வெடிக்காது. அவர் படையைப் பிரித்துப் பல பாதைகளில் அனுப்பிக் கோட்டையில் ஒன்று சேர்க்கிறார். இந்தக் கதையைப் படித்த கையோடு கட்டிக் கணக்கைக் கொடுத்தால், ஏறக்குறைய பத்தில் மூன்று பேருக்குத்தான் விடை வந்தது. ‘இப்போ படிச்சீங்களே ஒரு கதை, அது உதவலாம்’ என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னதும் முக்கால்வாசிப் பேருக்கு வந்துவிட்டது.

அந்த ‘ஒரே ஒரு வார்த்தை’யில்தான் எல்லாம் இருக்கிறது. அறிவு உள்ளேதான் இருந்தது. கூப்பிட ஆளில்லை. மேலோட்டத்தில் ஒன்று ராணுவம், மற்றது மருத்துவம். ஒன்று காலணி, மற்றது தாத்தா. மனம் மேல்தோலைப் பார்த்துத்தான் பொருள்களை அடுக்கி வைக்கிறது. எலும்பு ஒன்றுதான் என்று யாராவது தொட்டுக் காட்ட வேண்டும். தமிழ் வகுப்பில் அந்தத் தொட்டுக் காட்டல் நடக்கவில்லை. நடந்திருந்தால் தன்கதை எவ்வளவு கனமான இலக்கிய வடிவம் என்பது பத்து வயதிலேயே தெரிந்திருக்கும்.

இந்த விவாதம் 1901-இலேயே தொடங்கிவிட்டது. தார்ன்டைக்கும் உட்வொர்த்தும் செவ்வகங்களின் பரப்பளவை மதிப்பிட ஆட்களைப் பழக்கினார்கள். பழகிய வடிவத்தில் தேறியவர்கள் வேறு அளவு, வேறு வடிவம் வந்ததும் தடுமாறினார்கள். அந்தக் காலத்துப் பள்ளிகள் லத்தீன் படித்தால் மூளை கூர்மையாகும், எல்லாப் பாடத்துக்கும் உதவும் என்று நம்பிக்கொண்டிருந்தன. அந்த நம்பிக்கைக்கு விழுந்த பலத்த அடி இது. நாம் இன்னும் குறளை வைத்து அதே நம்பிக்கையில் இருக்கிறோம் என்பது வேறு விஷயம். குறள் மனனம் செய்தால் குறள் தெரியும். ஒழுக்கமும் நினைவாற்றலும் தானாகக் கூடும் என்பதற்கு நான் ஆதாரம் எதையும் பார்த்ததில்லை. என் வகுப்பில் குறள் மனனப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவன்தான் என் கலர் பென்சில் பெட்டியைத் திருடியவன்.

கணிதத்தில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். சனிக்கிழமைப் பிள்ளைகளில் ஒருவன், ஆறாம் ஆண்டு, வாரத்தில் இரண்டு நாள் மாமாவோடு பாசார் மாலாமில் அப்பளமும் முறுக்கும் விற்பான். மூன்று பாக்கெட் பத்து வெள்ளி, தனியாக எடுத்தால் நாலு வெள்ளி, ஐம்பது வெள்ளி நோட்டுக்கு மீதி எவ்வளவு என்று நான் வாயைத் திறப்பதற்குள் சொல்வான். அதையே ‘திரு. ரவி 7 பொட்டலங்கள் வாங்கினார்’ என்று தாளில் போட்டால் பென்சிலைக் கடிப்பான். “பெருக்கணுமாண்ணா, கூட்டணுமா?” என்பான்.

1985-இல் பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் தேங்காயும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளைப் பின்தொடர்ந்த கராஹர், கராஹர், ஷ்லீமன் ஆகியோரின் ஆய்வு புகழ்பெற்றது. தெருவில் கேட்ட கேள்விகளுக்கு 98 சதவீதம் சரி. அதே கணக்கை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம். ஐந்தே பிள்ளைகள், சின்ன ஆய்வு என்று ஒதுக்கலாம். ஆனால் 2025-இல் ‘நேச்சர்’ இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ குழுவினர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து அதையே காட்டினார்கள். அதோடு நிற்கவில்லை. பள்ளிக்கு மட்டும் போகிற பிள்ளைகளிடம் சந்தைக் கணக்கைக் கொடுத்தார்கள். அவர்களும் திணறினார்கள். அதாவது பாலம் இரண்டு பக்கமும் உடைந்திருக்கிறது. தெருப் பிள்ளைக்குத்தான் பள்ளி எட்டவில்லை என்று நினைத்துப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தோம். பள்ளிப் பிள்ளைக்கும் தெரு எட்டவில்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. ஆறு வருடம் தமிழில் ‘பின்னம்’, ‘தசமம்’, ‘ஒளிச்சேர்க்கை’ என்று படித்துவிட்டு, படிவம் ஒன்றில் நுழைந்ததும் ‘பெச்சாஹான்’, ‘பெர்புலுஹான்’, ‘ஃபோட்டோசிந்தேசிஸ்’. நீண்ட காலமாக மலாய்மொழித் தேர்ச்சி போதாதவர்களைப் புகுமுக வகுப்பு என்று ஒரு வருடம் தனியாக உட்கார வைத்தார்கள். இதற்கிடையே, 2003-இல், கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். ஆங்கிலத்தில் கணக்குப் படித்த முதல் தமிழ்ப்பள்ளிக் கூட்டத்தில் நானும் ஒருவன். 2009-இல் அது சரிவரவில்லை என்று கைவிட முடிவெடுத்தார்கள். கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1979-இலேயே எழுதியது இங்கே உதவும். ஒரு மொழியில் ஆழமாகப் புரிந்துகொண்ட கருத்து இன்னொரு மொழிக்கு நகரும். மேலே இரண்டு பனிப்பாறை முனைகள் தெரிந்தாலும் தண்ணீருக்கடியில் பாறை ஒன்றுதான். நான் இதை நம்புகிறேன், ஒரு நிபந்தனையோடு. கருத்து புரிந்திருந்தால்தான் நகரும். மனப்பாடம் செய்த வாக்கியம் நகராது, ஏனென்றால் அது அந்த மொழியின் தோலோடு ஒட்டியிருக்கிறது. ‘தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்க படிவம் ஒன்னுல திணறுதுங்க’ என்று புலம்பும்போது பழியை மொழிமேல் போடுகிறோம். நான் பார்த்தவரை, பின்னத்தை ரொட்டி சானாயைப் பிய்த்துப் புரிந்துகொண்ட பிள்ளை இரண்டு மாதத்தில் மலாய்ப் பெயரைப் பிடித்துக்கொள்கிறது. படிமுறையை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை தமிழிலேயே திணறிக்கொண்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, ஏன் படிக்கிறார்கள் என்ற பக்கத்துக்கு வருவோம்.

மலேசியத் தமிழில் மோட்டிவேஷனுக்கு நாம் வைத்திருக்கும் சொல் ‘தன்முனைப்பு’. தமிழ்நாட்டில் இதே சொல்லுக்கு அகங்காரம் என்று பொருள். சென்னை நண்பர் ஒருவரிடம் “எங்க ஊர்ல ஆறாம் ஆண்டுப் பிள்ளைங்களுக்குத் தன்முனைப்பு முகாம் நடத்துவோம்” என்றதும் அவர் ரொம்ப நேரம் பேசவில்லை.

இந்த முகாம்களை அனுபவித்தவர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. யூ.பி.எஸ்.ஆருக்கு ஒரு மாதம் முன்பு மண்டபத்தில் எல்லாரையும் உட்கார வைத்து விளக்கை அணைப்பார்கள். மைக்கில் மெல்லிசை. பேச்சாளர் அம்மா பட்ட பிரசவ வலியில் தொடங்குவார். அப்பாவின் காய்த்துப்போன கை. பத்தாவது நிமிடம் முதல் விசும்பல், இருபதாவது நிமிடம் மண்டபமே ஒப்பாரி. பிறகு பெற்றோருக்குப் பாத பூஜை. பிறகு ‘7ஏ எடுப்பேன்’ என்று கையை உயர்த்தி உறுதிமொழி. (2016 முதல் ஆங்கிலத்தை இரண்டாகப் பிரித்ததால் 8ஏ. அழுகை அதே அளவுதான்.) நானும் அழுதிருக்கிறேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் வெறியாகப் படித்தேன். மூன்றாம் நாள் டிவி பார்த்தேன். கண்ணீருக்கு அவ்வளவுதான் ஆயுள்.

முகாமில் யாரும் சொல்லாத ஒன்று உண்டு: படிக்கிற விஷயமே சுவையானது. தமிழ் சுவையானது, அறிவியல் சுவையானது என்று ஒரு வாய் வரவில்லை. படிப்பு என்பது அம்மாவின் வலிக்குக் கட்டவேண்டிய கடன். கடன் அடைந்ததும் யார் வட்டிக்கடை வாசலுக்குப் போவார்கள்?

மார்க் லெப்பரும் நண்பர்களும் 1973-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் செய்ததை இதன் பக்கத்தில் வைக்கிறேன். ஏற்கெனவே மார்க்கர் பேனாவால் படம் வரைவதில் ஆசை உள்ள பிள்ளைகள். ஒரு பிரிவிடம் வரைந்தால் தங்க முத்திரை ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றும் இல்லை. கொஞ்ச நாள் கழித்துப் பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்துவிட்டுப் பார்த்தபோது, சான்றிதழுக்காக வரைந்தவர்கள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் பேனாவைத் தொட்டார்கள். விளையாட்டாக இருந்தது வேலையாகிவிட்டது. இதைப் பிடித்துக்கொண்டு பரிசே கூடாது என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அறிஞர்களே இதில் பல வருடம் சண்டை போட்டிருக்கிறார்கள். ஆசையே இல்லாத வேலையைத் தொடங்கி வைக்கப் பரிசு உதவும். என்னை நூலகத்துக்குள் முதலில் இழுத்தது நூலகம் அல்ல, பத்துப் புத்தகத்துக்கு ஒரு ஐஸ்கிரீம் என்று என் அத்தை வைத்த பேரம். ஆனால் அத்தை ஐஸ்கிரீமை நிறுத்தியபோது நான் ஒரு துப்பறியும் கதையின் நடுவில் இருந்தேன். அதனால் தப்பித்தேன்.

நம் சமூகத்தின் ஐஸ்கிரீம் ஒருநாள் திடீரென்று நின்றது. 2020-இல் கோவிட் காரணமாக யூ.பி.எஸ்.ஆர். நடக்கவில்லை. 2021 ஏப்ரலில் அதை ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். 1988-இலிருந்து இருந்த தேர்வு. இனி வகுப்பறை மதிப்பீடு. ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலை. தேர்வுக்கெதிராக வருடக்கணக்கில் கட்டுரை எழுதியவர்கள் கைதட்டினோம். பிள்ளைகள் இனி சுதந்திரமாகப் படிப்பார்கள், கதை வாசிப்பார்கள், சொந்தமாக எழுதுவார்கள்.

என்ன நடந்தது? ஆசிரிய நண்பர்கள் சொல்வது இதுதான்: “பரீட்சை இல்லன்னதும் தமிழ்ப் புத்தகத்தத் தொறக்கவே மாட்டேங்குதுங்க.” இதைப் பிள்ளைகளின் சோம்பேறித்தனம் என்பது அநியாயம். முப்பது வருடமாகத் தமிழைச் சான்றிதழோடு கட்டி வைத்தது நாம். கயிற்றை அறுத்ததும் இரண்டும் சேர்ந்தே விழுந்தன. இன்னொரு கூத்து: தேர்வு போய்விட்டது, மாதிரிக் கட்டுரை போகவில்லை. ‘நான் ஒரு கைக்கடிகாரம்’ இன்று யாருக்காக எழுதப்படுகிறது என்று கேட்டால் பதில் இல்லை. சாமி வெளியேறிய பிறகும் பூஜை நடக்கிறது.

மேல்நிலையிலும் இந்தக் கதைதான். 2009-இல் எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தாகக் குறைக்கப் போகிறோம் என்று அரசு சொன்னபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் பறிபோகும் என்று சமூகம் கொதித்து எழுந்து, பத்தோடு இரண்டு என்று வாங்கியது. நியாயமான போராட்டம். அதில் கிடைத்தது தேர்வெழுதும் உரிமை. அப்படித் தமிழ் இலக்கியம் எழுதி ஏ வாங்கிய என் வகுப்பு நண்பர்கள் ஆறு பேர். அதற்குப் பிறகு ஒரு நாவலாவது வாசித்தவர் ஒருவர். அவரும் ஆங்கிலத்தில்தான் வாசிக்கிறார்.

மனப்பாடத்தின்மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டுப் போகலாம். இந்த மாதிரிக் கட்டுரைகள், அதாவது நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிற மாதிரிக் கட்டுரைகள், வழக்கமாக அங்கேதான் போய் முடியும். அது சரியில்லை. போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். பாசார் மாலாம் பையன் படியில் ஓடிவந்து, “அண்ணா, கீழ் வீட்டுப் பூனை மீனக் கவ்விட்டுக் கம்பி நீட்டிருச்சு!” என்றான். சொல்லிவிட்டு அவனே நின்றுவிட்டான். முகத்தில் ஒரு திகைப்பு. “ஏ, மரபுத்தொடர்ணா!” என்று கத்தினான். பட்டியலில் மனப்பாடம் செய்த தொடர்தான். அது இல்லாவிட்டால் பூனையைப் பார்த்தபோது வாயில் வந்திருக்காது. மனப்பாடம் விதைநெல் மாதிரி. தப்பு, மூட்டையைப் பிரிக்காமலே தேர்வுக்கு எடை போட்டுக் கொடுத்துவிடுகிறோம்.

கிக்கும் ஹோலியோக்கும் 1983-இல் இன்னொரு சோதனை செய்தார்கள். ஒரே எலும்பு உள்ள இரண்டு கதைகளைக் கொடுத்து, ‘இரண்டுக்கும் என்ன ஒற்றுமை, எழுது’ என்றார்கள். அதற்குப் பிறகு கட்டிக் கணக்கு பலருக்கும் எளிதாக வந்தது. ஒரு கதையோடு நின்றால் அது அந்தக் கதையோடே ஒட்டிக்கொள்ளும், இரண்டை ஒப்பிட்டால்தான் உரிந்து வரும். இதைக் கேட்டதும் இலக்கிய வாசகர்களுக்குச் சிரிப்பு வரலாம். நாம் விமர்சனம் என்று செய்வதே இதைத்தானே. இந்த நாவலையும் அந்த நாவலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. நம் கூட்டங்களில் மூன்று மணி நேரம் உற்சாகமாகச் செய்கிற இந்த வேலையை ஒரு பத்து வயதுப் பிள்ளையோடு பத்து நிமிடம் செய்ய நமக்குத் தோன்றுவதில்லை. மாணவர்களுக்குச் சிறுகதைப் பட்டறை நடத்தினாலும், ‘முதல் வரி வாசகனை இழுக்க வேண்டும், முடிவில் திருப்பம் வேண்டும்’ என்று நாமும் ஒரு மாதிரிக் கட்டுரையைத்தான் கையில் கொடுத்து அனுப்புகிறோம்.

அந்தப் பெண்ணிடம் கடைசியில் ஒரு வேலை கொடுத்தேன். அம்மா எழுந்ததும் ஒரே ஒரு கேள்வி கேள்: “வேலைக்குப் போகும்போது உங்க வாட்ச் என்ன பண்ணும்?” அடுத்த சனிக்கிழமை அவள் கொண்டுவந்தது முக்கால் பக்கம். அம்மா வேலை செய்யும் அறை தூசு படாத அறை. வாட்ச், வளையல், தோடு எதுவும் உள்ளே போகக்கூடாது. அதனால் கடிகாரம் மாலை ஏழிலிருந்து காலை ஏழுவரை லாக்கருக்குள் இருட்டில் இருக்கும். ‘எனக்கு மணி தெரியும். ஆனால் பார்க்க யாரும் இல்லை. அம்மாவுக்கு மணி வேண்டும். ஆனால் நான் இல்லை’ என்று எழுதியிருந்தாள். நான் கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் அதற்கு நல்ல மதிப்பு கிடைக்கவில்லை. ‘மொழியணி இல்லை, பிறப்பு இல்லை’ என்று சிவப்பு மையில் இருந்தது. அந்த ஆசிரியரைக் குறை சொல்லி ஒன்றும் இல்லை. அவரும் மாதிரிக் கட்டுரை எழுதி வளர்ந்தவர்தான்.

அதைவிடப் பெரிய அடி எனக்கு அடுத்த வாரம் விழுந்தது. ‘நான் ஒரு குடை’ எழுதச் சொன்னார்களாம். நோட்டைப் பிரித்தேன். ‘என் பெயர் வண்ணக்குடை. நான் தைவான் நாட்டில் உள்ள ஒரு புகழ்பெற்ற தொழிற்சாலையில் பிறந்தேன்.’

ஒன்றும் பேசாமல் கடிகாரத்தையும் குடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “ரெண்டையும் படிச்சுப் பாரு” என்றேன். படித்தாள். மறுபடியும் படித்தாள்.

“குடையும் லாக்கர்லதான் இருக்குமாண்ணா?”

இல்லை, நான் அதைச் சொல்லவில்லை என்று விளக்க வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது. “கொடைய லாக்கர்ல வைக்க விடமாட்டாங்கம்மா. ஈரமா இருக்கும்ல. வெளிய ஸ்டாண்டுல வைக்கணும். காலைல வந்து பாத்தா எவளாவது மாத்தி எடுத்துட்டுப் போயிருப்பா. அன்னிக்குப் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நனைஞ்சுக்கிட்டே வந்தேன். தம்பி, டீ போடவா?”

அவள் அழிரப்பரைத் தேட ஆரம்பித்தாள்.